ஸாஸி மெட்ரோவைப் பார்க்கவே இல்லை: எழுத்துக்கூட்டலில் பிறந்த சிரிப்பைத் திரைக்குக் கொண்டுவர முடியுமா?

நடுவரிசை (இழையைத் தொடங்கியவர்)

லூயி மால் இயக்கிய ‘மெட்ரோவில் ஸாஸி’ 1960 அக்டோபரில் பிரான்சில் திரைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ரேமோன் கெனோ எழுதிக் கலிமார் பதிப்பகம் வெளியிட்ட அதே பெயருடைய நாவல்தான் அதன் மூலம். படத்தை முன்பு ஒருமுறை அரைகுறையாகப் பார்த்து ஒதுக்கிவிட்டேன். சென்ற வாரம் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து முடித்த கையோடு மறுபடியும் பார்த்தபோது, முதலில் எனக்கு வெறும் கூச்சலாகத் தோன்றியதெல்லாம் வேறொரு ஒழுங்கில் அமைந்திருப்பது தெரிந்தது. அதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஸாஸி என்னும் சிறுமியின் தாய், தன் காதலனோடு இரண்டு நாட்களைத் தனியாகக் கழிப்பதற்காக அவளைப் பாரிசில் இருக்கும் மாமன் கப்ரியேலிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். ஸாஸிக்குப் பாரிசில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சுரங்க ரயிலில் ஏற வேண்டும். ஆனால் அன்றைக்குப் பார்த்து மெட்ரோ ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். 1900ஆம் ஆண்டு முதல் அந்நகரத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ரயில், அவள் வந்த நாளில் மட்டும் ஓடவில்லை. அதன் பிறகு நடப்பவை எல்லாம் அந்த ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அழுத குழந்தைக்கு நகரம் கொடுத்த மாற்றுப் பொருட்கள்தான்: ஒரு டாக்சி, ஒரு சந்தை, ஒரு கோபுரம், ஒரு இரவு விடுதி, கடைசியில் ஓர் உணவகத்தையே தரைமட்டமாக்கும் அடிதடி.

இந்த நாவலைப் படமாக்கவே முடியாது என்று நினைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அதன் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் இருப்பதை விட எழுத்துக்கூட்டலில்தான் அதிகம் இருக்கிறது. மாலும் அவரோடு திரைக்கதை எழுதிய ழான்-போல் ரப்னோவும் அதை நேரடியாகப் பெயர்க்க முயலவில்லை. பிரெஞ்சு இலக்கணத்துக்குக் கெனோ செய்ததைத் திரைப்பட இலக்கணத்துக்கு அவர்கள் செய்தார்கள் என்பது என் எண்ணம். இதை ஏற்காதவர்கள் இங்கே சிலராவது இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

---

பழைய புத்தகக்கடை

எதிர்பார்ப்பைப் பொய்யாக்க விரும்பவில்லை, நான் ஏற்கவில்லை.

நாவலின் முதல் சொல்லிலிருந்து தொடங்குவோம். ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் கப்ரியேலுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. ‘இவர்கள் மேல் எங்கிருந்துதான் இப்படி நாற்றம் அடிக்கிறதோ’ என்று பொருள்படும் ஒரு முழு வாக்கியத்தைக் கெனோ இடைவெளியே இல்லாமல் ‘தூகிப்யுதோங்க்தான்’ என்று ஒரே சொல்லாக ஒட்டி எழுதிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கே அதைக் கண்ணால் பார்த்தால் முதலில் ஒன்றும் புரியாது. வாய்விட்டுச் சொன்ன மறு நொடியில், தாங்கள் தினமும் பேசும் வாக்கியம்தான் அது என்பது புரிந்து சிரிப்பு வரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் அந்த நொடிதான் நாவலின் நகைச்சுவை குடியிருக்கும் இடம்.

திரைப்படத்தில் அந்த நொடிக்கு இடமில்லை. ஒரு நடிகர் அந்த வாக்கியத்தைச் சொன்னால், அது காதில் விழும்போதே புரிந்துவிடும். அதாவது புதிர் போடப்படும் முன்பே விடை வந்துவிடுகிறது. பார்பரா ரைட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அந்தப் புதிரை வேறொரு மொழியின் எழுத்துக்களைக் கொண்டு மீண்டும் கட்ட முடிந்தது. ஏனெனில் அவர் கையிலும் காகிதமே இருந்தது. மாலின் கையில் இருந்தது ஒளிப்பதிவுக் கருவி. சொல்லின் சுவையை எடுத்துவிட்டால் நாவலில் எஞ்சுவது என்ன? வாய்த்துடுக்குள்ள ஒரு குழந்தை, அவள் பின்னால் ஓடும் பெரியவர்கள். அதைத்தான் ஒன்றரை மணி நேரம் ஓட விட்டிருக்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

---

புதுவை மாணவி

நான் புதுச்சேரியில் சில ஆண்டுகளாகப் பிரெஞ்சு படித்துவருகிறேன். இந்த நாவலைப் படிக்க நான் பட்ட பாட்டிலிருந்து ஒரு விளக்கம் சேர்க்கிறேன்.

பிரெஞ்சில் எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம். ஒரு சொல்லின் கடைசி மூன்று எழுத்துக்கள் ஒலிக்காமலே போகலாம். பேச்சில் அடியோடு மறைந்துபோன வினைவடிவங்கள் எழுத்தில் இன்னும் கோலோச்சுகின்றன. மக்கள் பேசுவது ஒரு புதிய பிரெஞ்சு, எழுதுவது ஒரு பழைய பிரெஞ்சு என்பது கெனோவின் நீண்டகால வாதம். அவர் இலக்கணம் தெரியாமல் பிழைவிட்டவர் அல்லர். கலிமாரில் பிளேயாத் கலைக்களஞ்சிய வரிசையைப் பொறுப்பேற்று நடத்தியவர். ஒரே அற்ப நிகழ்ச்சியை 99 விதமாக எழுதி 1947இல் நூலாக வெளியிட்டவரும் அவர்தான்.

தமிழ் வாசகர்களாகிய நமக்கு இது உடனே பிடிபடும் என்று முதலில் நினைத்தேன், ஏனெனில் எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்ற இரண்டையும் சுமந்துகொண்டேதான் நாமும் திரிகிறோம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் எழுத்து முறை பேச்சைத் தடையில்லாமல் பதிவுசெய்துவிடும். கதைமாந்தர்கள் வட்டார வழக்கில் பேசுவதை அச்சில் பார்த்து எந்தத் தமிழ் வாசகரும் இன்று திடுக்கிடுவதில்லை. ஆகவே கெனோவின் முதல் சொல்லை ‘எங்கேந்துதாண்டாஇப்டிநாறுது’ என்று ஒட்டி எழுதினாலும், பாதி அதிர்ச்சிதான் கிடைக்கும்.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்றால், அவர் கொச்சையை அடுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே மிகப் பழமையான இலக்கிய வினைமுற்றைக் கொண்டுவந்து நிறுத்துவதில் இருக்கிறது. நம் மொழியில் சொல்வதானால், ‘போடா வெண்ண’ என்று சிறுமி ‘நவின்றருளினாள்’ என எழுதுவது போன்றது அது. நாவலில் கப்ரியேலின் மனைவி மார்செலின் வாய் திறக்கும்போதெல்லாம் ‘மென்மையாக’ என்ற ஒரே சொல் பின்னால் வந்து நிற்கும். சுற்றிலும் எவ்வளவு கலவரம் நடந்தாலும் அவள் மென்மையாகவே சொல்வாள். இதைப் படத்தில் எப்படிக் காட்டுவார்கள் என்று ஆவலோடு காத்திருந்தேன். படத்தில் அவள் பெயர் ஆல்பெர்த்தின் என்று மாறியிருக்கிறது. நடிகை கார்லா மார்லியே எந்த உணர்ச்சியும் ஓடாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு எல்லாக் குழப்பங்களின் ஊடாகவும் நடமாடுகிறார். அந்த முகம்தான் அந்த வினையடை என்று எனக்குத் தோன்றியது.

---

தொகுப்பு மேசை

மாணவியின் கடைசி வரி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. படத்தொகுப்பில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் அதை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன்.

திரைப்படத்துக்கும் ஓர் எழுத்துக்கூட்டல் உண்டு. ஒருவர் இடப்பக்கம் பார்த்துப் பேசினால், அடுத்த வெட்டில் மற்றவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும். முதல் ஷாட்டில் கோப்பை வலக்கையில் இருந்தால் அடுத்த ஷாட்டிலும் வலக்கையிலேயே இருக்க வேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே படப்பிடிப்பில் ஒருவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார். தொடர்ச்சி பிசகினால் அது பிழை. மால் இந்தப் படத்தில் அந்தப் பிழைகளைத் தேடித் தேடிச் செய்திருக்கிறார். ஒரே உரையாடலுக்குள் வெட்டுக்கு வெட்டு ஆட்களின் இடம் மாறுகிறது, பின்னணி மாறுகிறது. பேச்சு மட்டும் ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்கிறது. பார்ப்பவரின் கண் ‘இது தவறு’ என்று சொல்லும். காது ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லும். பழைய புத்தகக்கடை நண்பர் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நொடி என்று எதைச் சொன்னாரோ, அதையே மால் தலைகீழாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார் என்று சொல்வேன்.

வேகமும் அப்படித்தான். நொடிக்கு 24 படச்சட்டம் என்பது ஒலிப்படத்தின் வழக்கமான அளவு. அதைக் குறைத்துப் படமெடுத்து வழக்கமான வேகத்தில் ஓட்டினால் எல்லாம் விரையும் என்பது மௌனப்பட நகைச்சுவைக் காலத்திலிருந்து தெரிந்த உத்தி. மால் அந்த உத்தியை வைத்துக்கொண்டு ஒரு புதிய விளையாட்டை ஆடினார். கருவியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, முன்னால் இருக்கும் நடிகர்களை அதற்கேற்ப மெதுவாக நடிக்கச் சொன்னால், திரையில் அவர்கள் ஏறக்குறைய இயல்பாகவே தெரிவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் நகரம் மட்டும் பேய்வேகத்தில் ஓடும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை அப்படி நிதானமாக நடிக்கவைப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். காத்ரின் தெமோன்ழோ அந்த வேலையைச் செய்துவிட்டுப் பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

நியூயார்க் நகரத்தைப் பற்றிய துணிச்சலான புகைப்பட நூலுக்காகப் பேர்பெற்ற வில்லியம் கிளைன் இந்தப் படத்துக்குக் கலை ஆலோசகராக இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவெங்கும் கண்ணைப் பறிக்கும் அந்த வண்ணங்களையும் விளம்பர எழுத்துக்களையும் பார்க்கும்போது அவர் நினைவுதான் வருகிறது.

---

அரைத்தூக்கம்

இவ்வளவு ஆழமான உரையாடலுக்கு நடுவே ஒரு சாதாரணப் பார்வையாளனாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த மீசைக்காரர் ஸாஸியைத் தெருத்தெருவாகத் துரத்தும் காட்சியோடு நான் நிறுத்திவிட்டேன். பத்தாயிரம் வாலாவை ஒரே மூச்சில் கொளுத்திவிட்டால் முதல் நூறு வெடிக்குக் குழந்தைகள் கைதட்டுவார்கள். பிறகு எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு அது முடிவதற்காகக் காத்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

---

நடுவரிசை

அரைத்தூக்கம் நண்பரின் வாலா உவமையை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் களைப்பு படத்தின் குறையா, நோக்கமா என்பதுதான் கேள்வி. நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாற்றம் நிகழ்கிறது. முற்பகுதியில் சிரிப்புக்காக நடக்கும் அழிவுகள், பிற்பகுதியில் உண்மையான அழிவாக மாறுகின்றன. வேலைநிறுத்தத்தால் எல்லா வாகனங்களும் தெருவுக்கு வந்து நகரமே நகர முடியாமல் நிற்கிறது. கப்ரியேலாக நடித்த பிலிப் நுவாரே ஈஃபிள் கோபுரத்தின் வெளிப்புற இரும்புச் சட்டங்களுக்கு நடுவே அலைந்தபடி தத்துவம் பேசுகிறார். (பிற்காலத்தில் ‘சினிமா பாரதீசோ’ படத்தில் படம் ஓட்டும் கிழவராக வந்து நம்மில் பலரை அழவைத்தவர் இவர்தான்.) நாவலில் அந்தப் பேச்சு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் தத்துவவாதி சார்த்தரையும் ஒரே மூச்சில் கிண்டல்செய்துவிட்டு, பாரிஸ் ஒரு கனவு, கப்ரியேலும் ஒரு கனவு, ஸாஸியோ கனவுக்குள் வந்த கனவு என்று முடியும். பிறகு உணவக அடிதடி. சுவர்கள் பிய்ந்து விழுகின்றன. அலங்காரத்தட்டிக்குப் பின்னால் அதைவிடப் பழைய இன்னொரு சுவர் தெரிகிறது. நாம் பார்த்துக்கொண்டிருந்த இடமே ஒரு படப்பிடிப்புத் தளம் என்பதை மறைக்கும் எண்ணம் மாலுக்கு இல்லை.

நாவலின் முகப்பில் கெனோ ஒரு கிரேக்க வாசகத்தைப் பொறித்திருக்கிறார்: ‘படைத்தவனே அதை இல்லாமல் ஆக்கினான்’ என்பது அதன் பொருள். தான் கட்டிய தளத்தைத் தானே உடைத்துக் காட்டும் அந்த முடிவுக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமா?

---

பழைய புத்தகக்கடை

முகப்பு வாசகத்தை நான் மறந்துவிட்டிருந்தேன்; அந்த இடத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். தொகுப்பு மேசை அவர்களின் விளக்கத்தையும் பாதி ஏற்கிறேன். பாதிதான், ஏனென்றால் கெனோவின் பிழை வாசகரை நிற்க வைக்கிறது. மாலின் பிழை பார்வையாளரை நிற்க விடுவதில்லை. புத்தகத்தில் புரியாத சொல்லுக்கு நான் திரும்பிப் போகலாம். திரையரங்கில் அமர்ந்திருப்பவர் எங்கே திரும்பிப் போவார்? 1960இல் வீடியோவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கே பேசாமல் விடுவது நேர்மையாகாது. சந்தையில் மட்டிச்சிப்பி இறைச்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுகொண்டே ஸாஸி தன் குடும்பக் கதையைச் சொல்கிறாள். தன்னிடம் முறைகேடாக நடக்க முயன்ற தகப்பனைத் தாய் கோடரியால் வெட்டிக் கொன்றாள், நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது என்பது அந்தக் கதை. அதைக் கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவரோ அவளை வழியில் பிடித்துக்கொண்ட, யாரென்றே தெரியாத ஓர் ஆள். நாவலில் அந்த ஆள் இடத்துக்கு இடம் வேறு பெயரோடும் வேறு உடையோடும் வருவான்: ஒருமுறை சந்தை வியாபாரி, ஒருமுறை காவலர், கடைசியில் உலகாளும் சர்வாதிகாரி. இதையெல்லாம் நகைச்சுவை என்று 1959இல் சிரித்துக் கடந்தார்கள். இன்று என்னால் அவ்வளவு எளிதாகக் கடக்க முடியவில்லை.

---

புதுவை மாணவி

ஐயா சொல்லும் நெருடல் எனக்கும் இருந்தது. ஆனால் படம் அதை உணராமல் இல்லை என்று நினைக்கிறேன். நாவலின் ஸாஸி பருவமெய்தும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பவள். அவளைப் பார்க்கும் ஆண்களின் பார்வையில் அந்த இரட்டைப்பொருள் இருந்துகொண்டே இருக்கும். மால் அவளை ஏறத்தாழப் பத்து வயதுக் குழந்தையாக, முன்பல் இடைவெளி தெரியும் குழந்தையாக ஆக்கிவிட்டார். அதனால் பெரியவர்களின் அசட்டுத்தனம் முழுவதும் பெரியவர்கள் மேலேயே விழுகிறது. துரத்தல் காட்சி அமெரிக்கக் கார்ட்டூன் படங்களின் விதிகளில் நடப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: கார்ட்டூனில் எலியைப் பூனை ஒருபோதும் பிடிப்பதில்லை என்று நமக்கு முன்கூட்டியே தெரியும்.

ஸாஸி தன் கதையைச் சொல்லும் விதமும் கவனிக்கத்தக்கது. அவள் அழுதபடி சொல்வதில்லை, இரக்கத்தை எதிர்பார்த்தும் சொல்வதில்லை. செய்தித்தாளில் படித்த கொலைச்செய்தியை ஒப்பிப்பது போலச் சொல்கிறாள். அவளைச் சுற்றியுள்ள பெரியவர்களோ அவள் கேட்கும் எந்த நேரடியான கேள்விக்கும் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். கப்ரியேல் இரவில் என்ன வேலை செய்கிறான் என்று கடைசிவரை துளைத்தெடுக்கிறாள். அவன் பெண்வேடமிட்டு விடுதியில் ஆடுபவன் என்பது தெரிந்த பிறகும், அவளுக்கு விளங்காத ஒரு சொல்லுக்கு யாரும் பொருள் சொல்வதில்லை. தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் அந்தச் சொல்லையும் கெனோ ஒரு எழுத்தைக் கூட்டி ‘ஓர்மோசெஸ்யுவெல்’ என்று சிதைத்தே எழுதுகிறார். பெரியவர்கள் ஒளித்துவைத்த சொல் குழந்தையிடம் வந்து சேரும்போது இப்படித்தான் உடைந்து வந்து சேரும்.

---

லாச்சப்பல் வாசி

வணக்கம். நான் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பாரிசில் இருப்பவன். திரைப்படக் கலை பற்றி அதிகம் தெரியாது, ஆனால் இந்தப் படத்தின் தெருக்கள் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

படத்தின் தொடக்கத்தில் டாக்சியில் போகும்போது கப்ரியேல் ஒரு கட்டடத்தைக் காட்டி ‘அதுதான் பாந்தெயோன்’ என்பார். டாக்சி ஓட்டும் நண்பர் ஷார்ல் இல்லை என்று மறுப்பார். பிறகு இன்னொன்றைக் காட்டி அது நெப்போலியன் கல்லறையுள்ள கட்டடமா, ராணுவக் குடியிருப்பா என்று சண்டை பிடிப்பார்கள். இரண்டு பாரிஸ்காரருக்கும் பாரிஸ் தெரியாது என்பது நாவலில் உள்ள பகிடி. படத்திலே அதற்கு மேல் ஒரு பகிடி வைத்திருக்கிறார்கள்: எந்தக் கட்டடத்தைப் பற்றிச் சண்டை நடந்தாலும் கண்ணாடிக்கு வெளியே தெரிவது ஒரே தேவாலயம்தான். அது பத்தாம் வட்டாரத்தில் உள்ள சென் வென்சான் து போல் தேவாலயம். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். இரட்டைக் கோபுரத்தோடு உயரத்தில் நிற்கும் அந்தக் கோயிலை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். படம் பார்த்தபோது மூன்றாவது தடவை அது வந்ததும் நான் மட்டும் உரக்கச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் அதன் பிறகுதான் கவனித்தார். எழுத்தில் செய்ய முடியாத, படத்தால் மட்டுமே செய்யக்கூடிய பகிடி இது. பழைய புத்தகக்கடை ஐயா இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மற்றது, கிளி. மதுக்கடைக்காரரின் லவெர்தியூர் என்ற கிளிக்கு ஒரு வசனம்தான் தெரியும். அதன் ஆங்கிலத் துணைத்தலைப்பைப் பார்த்து இங்கே சிலர் ‘பேசுகிறாய், பேசுகிறாய்’ என்று விளங்கிக்கொண்டிருக்கக்கூடும். அந்த இடத்தில் பிரெஞ்சில் வருவது பேசுதல் என்ற பொதுவான சொல் அன்று; சும்மா உட்கார்ந்து அளவளாவுவதைக் குறிக்கும் சொல். எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலே அதற்கு மாற்றே தேவையில்லை: ‘கதைக்கிறாய், கதைக்கிறாய், அதை விட்டா உனக்கு வேறையொண்டும் தெரியாது.’ கிளி எங்கள் ஊர்க் கிளியாகவே ஆகிவிடும்.

---

தொகுப்பு மேசை

தேவாலயப் பகிடியைக் கவனித்திருந்தேன், ஆனால் அது எந்தத் தேவாலயம் என்று தெரியாது. நன்றி, ஐயா.

மாலின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் தொடர்பான ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இதே மால் 1968இல் இந்தியாவுக்கு வந்து எடுத்த ஆவணப்படத் தொடரின் இரண்டாம் பகுதி சென்னையைப் பற்றியது. மயிலாப்பூர்த் தேரோட்டத்தையும் கலாக்ஷேத்திரத்தில் நடனம் பயிலும் மாணவிகளையும் அதில் எவ்வளவு நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும்: தேர் நகரும் வரை காத்திருக்கிறார், அடவு முடியும் வரை காத்திருக்கிறார். கடலடி உலகைப் பற்றிக் கடலாய்வாளர் கூஸ்தோவோடு சேர்ந்து அவர் இயக்கிய படமும் பொறுமையின் படம்தான். 1956இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது அதற்குக் கிடைத்தது. ஆகவே ஸாஸியில் காணும் அவசரத்தை ஓர் இளம் இயக்குநரின் கட்டுப்பாடில்லாத துள்ளல் என்று தள்ளிவிட முடியாது. நிதானமாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர், இந்த நாவலுக்காக நிதானத்தைக் கைவிட்டிருக்கிறார்.

---

பழைய புத்தகக்கடை

தேவாலயத்துக்காக இன்னொரு அரைப்புள்ளி தருகிறேன். சொல்லின் இடத்தில் சொல்லை வைக்காமல், இருவர் வாதாடும் வாதத்துக்குக் காட்சியே மூன்றாவது ஆளாக வந்து பொய் சொல்வது நல்ல கண்டுபிடிப்புதான். படம் முழுவதும் இந்தத் தரத்தில் இருந்திருந்தால் நான் இந்த இழையில் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் ஸாஸியின் வாய் மட்டும் எந்தக் காட்சியாலும் ஈடுசெய்ய முடியாதது. நெப்போலியன் கல்லறையைக் காட்டுகிறேன் என்று மாமன் ஆசையாகச் சொன்னால், நெப்போலியன் பெயரோடு தன் பின்புறத்தைச் சேர்த்து மூன்றே சொல்லில் ஏறக்கட்டிவிடுகிறாளே, அதைத் தமிழில் யாராவது சொல்லிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

---

புதுவை மாணவி

இதை நானும் வகுப்புத் தோழியும் ஒரு மாலை முழுவதும் விவாதித்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழில் அது வசையே ஆகாது. உடலுறுப்பின் பெயராக மட்டும் நிற்கும். தெருவில் பெரியவர்கள் சொல்வதை வைத்தால் ‘நெப்போலியனாவது மயிராவது’ என்று வரும். வேகம் சரி, ஆனால் சிறுமியின் வாயில் அது கெனோவின் சொல்லை விடக் கனமாகிவிடுகிறது. ‘நெப்போலியனாவது மண்ணாங்கட்டியாவது’ என்றால் பாட்டி பேசுவது போல இருக்கிறது. தோழி கடைசியில் ‘நெப்போலியனாம் கிப்போலியனாம்’ என்றாள். அதில் வசை சுத்தமாக இல்லை. இருந்தாலும், ஒரு பேரரசரின் பெயரைக் ‘கி’ என்ற ஓரெழுத்தால் பொடிப்பொடியாக்கும் வசதி பிரெஞ்சுக்கு இல்லையே என்ற சின்னப் பெருமை எங்களுக்கு வந்தது. நான் ‘மயிராவது’ பக்கம்தான் நிற்கிறேன். அதிர்ச்சியைக் கழுவிவிட்டால் அவள் ஸாஸி அல்லள்.

---

அரைத்தூக்கம்

உங்கள் பேச்சைக் கேட்டு நேற்றிரவு மிச்சத்தையும் பார்த்து முடித்தேன். சிரித்தேனா என்று கேட்டால், இரண்டு மூன்று இடங்களில். ஆனால் எல்லாம் இடிந்து விழுந்த பிறகு, வேலைநிறுத்தம் முடிந்து மெட்ரோ ஓடத் தொடங்கும்போது அந்தக் குழந்தை களைத்துத் தூங்கிக்கொண்டே அதில் போகிறாளே, அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு ஆசைப்பட்டது கிடைத்தது, கிடைத்தது அவளுக்கே தெரியாது. அதற்கு முந்தைய அத்தனை வெடிகளும் அவளைத் தூங்கவைப்பதற்காகத்தான் வெடித்தனவோ என்று தோன்றியது.

ஒரு சந்தேகம். கடைசியில் ரயில் நிலையத்தில் தாய் கேட்கும் கேள்விக்கு அவள் சொல்லும் பதிலை என் பிரதியில் இருந்த துணைத்தலைப்பு ‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்ற பொருளில் காட்டியது. அது சரியா?

---

புதுவை மாணவி

சரியில்லை. மூலத்தில் உள்ள வினை வளர்வதைக் குறிப்பதன்று, முதுமை அடைவதைக் குறிப்பது. வளர்ந்தேன் என்றால் ஏதோ பாடம் கற்றுக்கொண்ட நல்ல பிள்ளை ஆகிவிடுகிறாள். ‘பெரியவளாகிவிட்டேன்’ என்று போட்டாலோ தமிழில் முற்றிலும் வேறு பொருள் வந்து, சடங்குக்கு நாள் பார்க்க வேண்டியதாகிவிடும். ‘கிழவியாயிட்டேன்’ என்பது மிகையாக இருக்கிறது. இரண்டு நாளில் ஒரு குழந்தைக்கு வயதாகிவிட்டது என்ற அலுப்பும் வேடிக்கையும் ஒன்றாக வர வேண்டும். எனக்கு ‘வயசாயிடுச்சு’ என்பதற்கு மேல் கிடைக்கவில்லை.

---

லாச்சப்பல் வாசி

பிள்ளை, எங்கடை பக்கத்துத் தமிழில் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன், சரியா என்று சொல்லுங்கோ.

‘மெட்ரோ பார்த்தனியா?’

‘இல்லை.’

‘அப்ப என்ன செய்தனி?’

‘வயசு போட்டுது.’